ஊர்க்காடு என்றால் எந்த ஊர்?

தமிழில் 'ஊர்' என்பதைப் போலச் சூதான சொல் வேறு கிடையாது. வெளியூர்க்காரனிடம் 'எங்க ஊரு' என்று சொல்லும்போது நாமும் அதற்குள் இருக்கிறோம். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால் ஊர் ஒரு பக்கம் போகும், சேரி ஒரு பக்கம் போகும். ஊர்க்கூட்டம், ஊர்வரி, ஊர்க்கிணறு, ஊர்ப்பொங்கல், ஊர்ச்சாவடி. இந்த ஊர் எதிலும் நாம் கிடையாது. சாவுக்குப் பறையடிக்க மட்டும் 'ஊருக்கு' நாம் வேண்டும்.

இப்போது அந்த வரிசையில் இன்னொன்று சேர்ந்திருக்கிறது. ஊர் நிர்வகிக்கும் காடு. காட்டை வனத்துறையிடமிருந்து எடுத்து ஊர் கையில் கொடுத்துவிட வேண்டுமாம். ஊரே காவல் காக்குமாம். மயிலும் தேவாங்கும் பெருகுமாம். அதைப் பார்க்கப் பட்டணத்துக்காரன் கேமராவோடு வருவானாம், வருகிற காசு ஊருக்காம். நமது மாணவத் தோழர்கள் சிலரே இதை மெய்மறந்து பேசுகிறார்கள். கேட்கிறபோது இனிக்கத்தான் செய்கிறது. நான் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். எந்த ஊர்?

1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் அரசியல் சட்ட வரைவை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், கிராமத்தை அரசியல் சட்டத்தின் அலகாக வைக்கவில்லையே என்று அழுதவர்களுக்குப் பதில் சொன்னார். கிராமம் என்பது அறியாமையும் குறுகிய புத்தியும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். அன்று கிராமத்துக்காக உருகியவர்கள் காந்தியவாதிகள். இன்று உருகுகிறவர்கள் சூழலியவாதிகள். கதர் போய் காக்கி அரைக்கால் சட்டை வந்திருக்கிறது. கிராமம் அப்படியேதான் இருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்துக்காரனாக இதைச் சொல்கிறேன். எங்கள் மாவட்டத்தில் காடு இரண்டு தினுசு. ஒன்று அரசாங்கக் காடு. 1974இல் தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள், தலைமையிடம் திருச்சி. காகித ஆலைக்குக் கூழ்மரம் வளர்த்துக் கொடுப்பது அதன் பிரதானத் தொழில். அந்தப் புண்ணியத்தில் எங்கள் செம்மண் மேடெல்லாம் தைலமரம், எங்கள் பக்கத்துப் பேச்சில் ஆர்.எஸ்.பதி. அடியில் புல் முளைக்காது, மேலே குருவி கூடு கட்டாது. தோட்டத்துக்குள் பெய்கிற மழை வெளியே ஓடாதபடி வரப்புப் போட்டு மடக்கியதில், கண்மாய்க்கு வரவேண்டிய வரத்து நின்றுபோனது. விவசாயிகள் வருஷக்கணக்காக இதைக் கத்துகிறார்கள். இதைக் காடு என்று சொல்கிறவனுக்குக் காடும் தெரியாது, வெட்கமும் தெரியாது. ஆகவே யாரும் என்னைப் பார்த்து 'நீ வனத்துறை பக்கம் பேசுகிறாயா' என்று கேட்க வேண்டாம். சுள்ளி பொறுக்கப் போன எங்கள் பெண்களை விரட்டியடித்த துறைக்கு நான் வக்காலத்து வாங்கப் பிறக்கவில்லை.

இன்னொன்று கோயில்காடு. அய்யனார், கருப்பர், பிடாரி என்று சாமி பெயரில் நிற்கிற துண்டு துண்டான காடுகள். இதுதான் எங்கள் மண்ணின் நிஜமான காடு. உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியல்காரர்கள் சொல்வார்கள். சோழமண்டலக் கரையை ஒட்டிய சமவெளியில் ஒரு காலத்தில் பரந்து கிடந்தது, இன்று கோயில் இருக்கிற இடத்தில்தான் மிச்சம் இருக்கிறது. காசா, வீரை, உலக்கைப்பாலை, குருந்து. சித்திரை வெயிலிலும் இலை உதிர்க்காமல் கருகருவென்று நிற்கும். குளமங்கலத்துப் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலின் பெரிய குதிரையைப் பார்க்கப் போகிறவர்கள் அண்ணாந்து குதிரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், சாமி பெயரிலேயே காரை மரம் இருப்பதையும் கவனியுங்கள். 'ஊர் காத்த காடு' என்று இன்று புத்தகம் போடுவதும் படம் காட்டுவதும் இந்தக் காடுகளைப் பற்றித்தான்.

ஊர் காத்தது உண்மை. எப்படிக் காத்தது? பயத்தால் காத்தது. செருப்புப் போட்டு நுழையாதே, கிளையை ஒடிக்காதே, ஒடித்தால் சாமி கண்ணைக் குத்தும். சரி, மரத்துக்கு நல்லதுதான். ஆனால் இதே சாமி, இதே பயம், இதே புனிதம்தான் 'நீ இந்த எல்லைக்கு மேலே வராதே' என்று நம்மிடமும் சொன்னது. மரத்துக்குப் போட்ட வேலியும் மனுசனுக்குப் போட்ட வேலியும் ஒரே முள்ளில் கட்டியது. மரத்தைக் காப்பாற்றிய பெருமையை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து மரபறிவு என்று பெயர் சூட்டி மேடையில் வைக்கிறார்கள். மற்றதை என்ன செய்வது?

சந்தேகம் இருந்தால் வேங்கைவயலுக்குப் போங்கள். 2022 டிசம்பர் கடைசியில் தலித் குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்து கிடந்தது நாடு முழுக்கத் தெரியும். விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியரிடம் சனங்கள் அன்றைக்கு இன்னொன்றையும் சொன்னார்கள். இறையூர் அய்யனார் கோயிலுக்குள் எங்களை விடுவதில்லை, டீக்கடையில் தனிக் குவளை. அங்கேயே அப்போதே ஆட்சியரும் போலீஸ் சூப்பிரண்டும் அவர்களை அழைத்துக்கொண்டு கோயிலுக்குள் போனார்கள். சாமி வந்தது போல ஆடி, சாதியைச் சொல்லி இழிவாகப் பேசிய ஒரு பெண் மீது வழக்குப் போட்டார்கள். கவனியுங்கள் தோழர்களே, சாமிதான் வந்து சாதி பேசுகிறது. 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை போட்டதே, யார் மேல்? அந்தத் தண்ணீரைக் குடித்த தெருவைச் சேர்ந்த மூன்று தலித் இளைஞர்கள் மேல். இப்படிப்பட்ட மண்ணில் 'ஊரும் சாமியும் சேர்ந்து காட்டைப் பார்த்துக்கொள்ளும்' என்று சொல்கிறவர்கள் யாரிடம் சொல்கிறோம் என்று யோசித்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். பெயர்கள் எதற்கு, எல்லா ஊரிலும் இதேதான். ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து இளைஞர்கள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள், சூதுவாது தெரியாதவர்கள். கோயில் திடலில் கோலப்பொடியால் தரையில் ஊர் வரைபடம் போட்டார்கள். மக்கள் பங்கேற்பாம். 'எல்லாரும் வந்தாச்சாய்யா?' என்று கேட்டார்கள். 'வந்தாச்சு தம்பி, ஆரம்பிங்க' என்றார் அம்பலம். நாங்கள் பதினாலு பேர் ரோட்டோரம் புங்க மரத்தடியில் நின்றுகொண்டிருந்தோம். திடலுக்குள் நாங்கள் போவது வழக்கமில்லை. வந்த பிள்ளைகளுக்கு அது தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லவில்லை. எல்லாருக்கும் பேப்பர் கப்பில் டீ வந்தது. இந்தப் பேப்பர் கப் வந்தபிறகு இரட்டைக் குவளை கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது, அது வேறு கதை.

விறகு எந்தப் பக்கம் எடுக்கிறீர்கள் என்று கேள்வி வந்தது. திடலில் இருந்த யாரும் விறகுக்குப் போகிறவர்கள் இல்லை. வீட்டில் கேஸ் இருக்கிறது, கொல்லையில் சொந்த மரம் இருக்கிறது. 'அங்கிட்டு நிக்கிறாகளே, அந்தப் புள்ளைகளக் கேளுங்க' என்றார் அம்பலம். எங்கள் அத்தை ரோட்டில் நின்றபடியே கையை நீட்டிக் காட்டினாள். 'அந்தப் பனை மரத்துக்கு வடக்காலே போயி, ஓடையத் தாண்டி, பாலை மரத்துக்கிட்ட திரும்பணும்ப்பா.' யாரோ ஒருவர் அவளுக்காகக் குச்சியால் கோடு இழுத்தார். அவள் கை அந்தப் பொடியைத் தொடவில்லை. அறுபது வருஷமாக அந்தப் பாதையில் நடக்கிறவள். எந்த மரம் எப்போது காய்க்கும், உடும்பு எந்தப் பொந்தில் இருக்கும், பாம்பு எந்தப் புற்றில் இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்ததில் பாதிகூட அம்பலத்துக்குத் தெரியாது. பிறகு அந்தக் கோட்டின் மேல் சிவப்புப் பொடி போட்டார்கள். சிவப்பு என்றால் காட்டுக்கு வருகிற ஆபத்தாம்! அப்புறம் குழு போட்டார்கள். குழு போட்ட முதல் தீர்மானம் பாதையை அடைப்பது, மீறி விறகு எடுத்தால் அபராதம். அபராதம் யாருக்கு விழும்? கொல்லையில் மரம் இல்லாதவனுக்கு. இதை எழுதுகிற இன்றுவரை எங்கள் பெண்கள் விறகுக்கு ரெண்டு மைல் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

இதைச் சொன்னால் உடனே உதாரணங்களைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். வேடந்தாங்கலைப் பார் என்பார்கள். பார்த்தோம். பறவைகளைச் சுடுகிறார்கள் என்று ஊர்க்காரர்கள் முறையிட, 1798இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் ஏரிப் பறவைகளுக்குப் பாதுகாப்புக் கொடுத்து எழுதித் தந்தார். ஊர்க்காரர்களுக்குப் பறவை மேல் அன்பு இருந்திருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்கும் இருந்தது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். நன்செய் வைத்திருப்பவனுக்குப் பறவை வந்தால் விளைச்சல். நிலமே இல்லாதவனுக்கு? சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை என்று வருஷாவருஷம் பத்திரிகையில் படிக்கிறோம். நல்ல காரியம். இப்படி வெடி போடாமல் இருப்பதில் எந்த ஊரிலும் சேரிப் பிள்ளைக்கும் சம பங்கு உண்டு. கண்மாய் மீன் ஏலத்தில்?

நாகாலாந்தின் கொனோமாவைச் சொல்கிறார்கள். 1998இல் ஊரே கூடி வேட்டையை நிறுத்திச் சொந்தக் காட்டைச் சரணாலயமாக அறிவித்தது, இன்று வெளிநாட்டிலிருந்தெல்லாம் போய்ப் பார்க்கிறார்கள். அங்கமி நாகர்களின் ஊர் அது. நிலம் குலங்களின் கையில், ஊர்மன்றம் அவர்கள் மன்றம். அங்கேயும் ஏற்றத்தாழ்வு இருக்கலாம். ஆனால் ஊருக்கு வெளியே ஒரு சேரி கிடையாது. கொனோமாவின் சட்டதிட்டத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டுவந்து கந்தர்வகோட்டையில் ஒட்டினால் அது கொனோமா ஆகாது, நாட்டார் பஞ்சாயத்துதான் ஆகும்.

நமக்குப் பாடம் நேபாளத்தில் இருக்கிறது. அங்கே 1993 வனச் சட்டம் காடுகளைப் பயனாளர் குழுக்களின் கையில் கொடுத்தது. உலகமே கைதட்டியது. அங்கேயும் சாதி உண்டு, தீண்டாமை உண்டு. 'காமி' என்கிற கொல்லர்கள் தலித்துகள். உலைக்குக் கரி இல்லாமல் அவர்கள் தொழில் இல்லை. பல குழுக்கள் காட்டைக் காப்பாற்றுகிறோம் என்று முதலில் தடை போட்டது கரி சுடுவதற்குத்தான். குழுவில் இருந்தவர்கள் மேல்சாதி நிலக்காரர்கள், அவர்களுக்கு வேண்டியது மரமும் தீவனமும் சருகும். காடு வளர்ந்தது, கொல்லனின் உலை அணைந்தது. தலித்துகளும் பெண்களும் சண்டை போட்ட பிறகே, குழுக்களில் அவர்களுக்கு இடமும் வருமானத்தில் அவர்களுக்கென ஒரு பகுதியும் ஒதுக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் வந்தன. தானாக வரவில்லை.

நம் பக்கத்திலேயே அரிட்டாபட்டி இருக்கிறது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், 193 எக்டேர் சொச்சம். அங்கே டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது மேலூர் வட்டாரமே எழுந்தது, 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்தப் போராட்டத்தை நான் முழு மனசோடு ஆதரித்தவன், இன்றும் ஆதரிக்கிறேன். மலை போனால் எல்லாருக்கும் போச்சு. ஆனால் அதே மேலூர் வட்டாரத்தில்தான் மேலவளவு இருக்கிறது. தலித்துக்கு ஒதுக்கிய ஊராட்சித் தலைவர் பதவியில் உட்கார்ந்தார் என்பதற்காக 1997 ஜூன் 30 அன்று முருகேசனையும் அவரோடு பஸ்ஸில் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். வெறும் நாற்காலிக்கா கொன்றார்கள்? அந்த நாற்காலியோடு கண்மாயும் மரமும் பொதுச்சொத்தின் ஏலமும் சேர்ந்து போகிறது என்று தெரிந்துதான் கொன்றார்கள். சுரங்கக் கம்பெனிக்கு எதிராக எல்லாரும் ஊர். கம்பெனி போன மறுநாள் ஊர் யார், சேரி யார் என்று பழையபடி பிரிந்துவிடும். அந்த மறுநாளைப் பற்றித்தான் பேசுகிறேன்.

'காட்டைப் பேசும்போதும் சாதியை இழுக்கிறீர்களே' என்று சலித்துக்கொள்ளும் நண்பர்கள் சட்டத்தைக் கொஞ்சம் எடுத்துப் படிக்கட்டும். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002 திருத்தத்தில் சமூகக் காப்பகம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதன் நிர்வாகக் குழுவுக்கு ஊராட்சி ஐந்து பேரை நியமிக்க வேண்டும், வனத்துறை ஆள் ஒருவர் என்று அந்தத் திருத்தம் சொன்னது. அந்த ஐந்தில் தலித் ஒருவராவது வேண்டும் என்று ஒரு வார்த்தை கிடையாது. 2006 வன உரிமைச் சட்டத்தில், பழங்குடியல்லாதவர் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அந்தக் காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். பட்டா இல்லாதவன் எதைக் காட்டுவான்? சமஸ்தானமாக இருந்த எங்கள் பகுதிகளுக்கு, 1892இல் சென்னை மாகாணத்தில் வந்த பஞ்சமி நில ஆணைகூடப் பொருந்தவில்லை. அந்தக் காகிதத்தைக்கூடக் காட்ட எங்களால் முடியாது. ஆனால் முதியோர் வாக்குமூலத்தை எழுதி வாங்கினால் அதுவும் சாட்சியம் என்று அதே சட்டத்தின் விதி சொல்கிறது. இதை நம் ஆட்கள் பலருக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் அத்தையின் வாய்தான் எங்கள் பட்டா. அந்தச் சட்டத்தின் வன உரிமைக் குழுவில் பழங்குடிக்கு இடம் உண்டு, பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு உண்டு. தலித்துக்கு என்று எழுதவில்லை.

ஓரளவு எழுதிய இடம் ஒன்று உண்டு. 2004இல் வந்த பல்லுயிர் விதிகள், ஊராட்சி நியமிக்கிற ஆறு பேரில் 18 சதவீதத்துக்குக் குறையாமல் தலித்தோ பழங்குடியோ இருக்க வேண்டும் என்றன. ஆறில் ஒருவர் என்றால் 16.6 தான் வருகிறது, ஆகவே இரண்டு பேர் வேண்டும். எத்தனை ஊராட்சியில் இரண்டு பேர் இருந்தார்கள்? 2023இல் சட்டத்தைத் திருத்தினார்கள், 2024இல் விதிகளையும் மாற்றினார்கள். மாணவத் தோழர்கள் ஒரு வேலை செய்யலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, உங்கள் ஒன்றியத்தில் பழைய குழுக்களில் இருந்தவர்களின் பட்டியலை வாங்குங்கள். யார் எந்தத் தெரு என்று பாருங்கள். ஒரு மாதத்தில் முடியும் வேலை. பத்துக் கருத்தரங்கத்துக்குச் சமம்.

சுற்றுலாவுக்கு வருகிறேன். விராலிமலை மயிலையும் சித்தன்னவாசல் ஓவியத்தையும் பார்க்க வருகிறவன் இனிமேல் கோயில்காட்டுக்கும் வருவான். வரட்டும். அவனுக்குக் காட்டைக் காட்டுகிற வேலை யாருக்கு? சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு மரத்தின் பெயர் சொல்கிறவன் ஊர்ப் பையனாக இருப்பான். கழிப்பறை கழுவுகிறவளும் பிளாஸ்டிக் பொறுக்குகிறவளும் நம் வீட்டுப் பெண்ணாக இருப்பாள். வீட்டிலேயே தங்கவைத்துச் சோறு போடுகிற திட்டம் என்கிறார்கள். 2018இல் அவிநாசிப் பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பள்ளியையே மறித்தார்கள். சொந்தப் பிள்ளைக்கு நாம் சமைத்ததைக் கொடுக்காதவர்கள், காசு கொடுக்க வருகிற விருந்தாளியை நம் வீட்டுக்கு அனுப்புவார்களா? 'அங்கிட்டெல்லாம் வசதி பத்தாது சார்' என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள்.

நாம் தின்றதெல்லாம் குற்றமாகிவிட்டதையும் சொல்லவேண்டும். உடும்பு பிடித்தால் அட்டவணை ஒன்றில் வழக்கு. ராஜாக்கள் சுட்டது வேட்டை, போட்டோ எடுத்துச் சுவரில் மாட்டினார்கள். நாம் பிடித்தது திருட்டு. நான் உடும்பைத் தின்னும் உரிமைக்காக எழுதவில்லை, அது அருகிவிட்டது, விட்டுவிடலாம். ஆனால் வாரத்துக்கு எடுத்து விதைத்த அரை ஏக்கர் கடலையை மயில் கிளறிவிட்டுப் போனால் அந்த நஷ்டத்தை யார் தருவது? நுழைவுச்சீட்டுக் காசிலிருந்து தரட்டுமே. மயிலைக் காட்டித்தானே வசூல்.

காடு நமக்கு வேண்டாமா? நமக்குத்தான் முதலில் வேண்டும். தைலமரத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு வீரையும் பாலையும் திரும்ப வரவேண்டும் என்று நம்மைவிட யார் கேட்க முடியும், காசு இல்லாதவனின் பழக்கடையும் மருந்துக்கடையும் அதுதானே. வனத்துறை போகட்டும். ஆனால் அது விட்டுப்போகிற சாவியை நேராக அம்பலத்தின் இடுப்பில் செருகாதீர்கள். குழுவில் பாதி இடம் சேரிக்கு, அதில் பாதி பெண்களுக்கு. தலைமை சுழற்சியில். விறகு, சருகு, ஆட்டு மேய்ச்சல் பாதைகளை எழுத்தில் உரிமையாகப் பதிந்த பிறகே எல்லைக்கல் நடவேண்டும். வசூலான காசின் கணக்கை நம் தெருவிலும் படிக்க வேண்டும். காட்டுக்குள் இருக்கிற கோயிலின் வாசல் முதலில் திறக்கட்டும், அப்புறம் காட்டின் கேட்டில் சீட்டுக் கிழிக்கலாம். இதில் எதற்கும் 'போகப் போகப் பார்க்கலாம் தம்பி' என்ற பதிலை வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

வருஷத்தில் ஆறு தடவை கிராமசபை கூடுகிறது. காட்டுக் குழுத் தீர்மானம் எந்தக் கூட்டத்தில் வந்தாலும், முதல் வரியில் 'கூட்டம் நடந்த இடம்' என்று இருக்கும். அங்கே கோயில் திடல் என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். காலனி சமுதாயக்கூடத்துக்குக் கூட்டத்தை மாற்றச் சொல்லி, மனுவாக எழுதிக் கொடுத்து, ரசீது வாங்குங்கள்.